இலவச அழைப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

கம்பம் பேருந்து நிலையத்துக்கு அருகே, 2000-களின் தொடக்கத்தில், ஓர் எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், சுவரில் ஊர்களின் குறியீட்டு எண்கள் எழுதிய அட்டை. இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காகக் காத்திருந்து, ஏலக்காய் வியாபாரிகள் வடமாநில நகரங்களுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். தோட்டத்துக்கு வாங்கிய மோட்டார் ஒரு மாதத்தில் பழுதாகிவிட, அதன் நிறுவனத்தை அழைக்க நான் அங்கு போனேன். உத்தரவாத அட்டையில் 1600 என்று தொடங்கும் கட்டணமில்லா எண் அச்சிடப்பட்டிருந்தது. பத்து நிமிடம் பேசினேன். மீட்டர் அசையவில்லை. வெளியே வந்தபோது பூத்காரர் இரண்டு ரூபாய் கேட்டார்.

"இது இலவச எண்" என்று வாதாடினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "ஒங்களுக்கு இலவசந்தான் சார், எனக்கு? பத்து நிமிசமா கூண்ட அடச்சுக்கிட்டு நின்னீங்கள்ல."

அன்று கோபத்தோடுதான் காசைக் கொடுத்தேன். அந்த இரண்டு ரூபாய்க்காக ஒரு நாடு சட்டமே இயற்றியிருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், பொதுத் தொலைபேசி வைத்திருப்பவருக்கு அதிலிருந்து முழுமை பெறும் ஒவ்வோர் அழைப்புக்கும் நியாயமான ஈடு கிடைக்க வேண்டும் என்றது. அதில் கட்டணமில்லா அழைப்பும் அடக்கம். அழைப்பவர் காசு போடாவிட்டாலும், தொலைபேசி நிறுவனங்கள் வழியாக அழைப்பு ஒன்றுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை பூத் உரிமையாளருக்குப் போய்ச் சேரும். கம்பத்துப் பூத்காரரின் நியாயம்தான் அது. சட்டம் வந்த கையோடு தந்திரமும் வந்தது. பொதுத் தொலைபேசிகள் தாமாகவே இலவச எண்களை ஓயாமல் அழைக்குமாறு அமைத்துவிட்டு, யாருமே பேசாத அழைப்புகளுக்கு ஈட்டுத்தொகை வாங்கியவர்கள் மீது அங்கே வழக்குகள் நடந்தன.

கட்டணமில்லா எண் என்று நாம் சொல்வது, கட்டணத்தின் திசையை மட்டும் மாற்றிய எண். 1967-இல் அமெரிக்காவின் ஏடி&டி நிறுவனம், இயக்குநரின் உதவியின்றி நேரடியாக அழைக்கக்கூடிய 800 எண்களைத் தொடங்கியபோது அதன் அடிப்படை எளிமையாக இருந்தது: அழைப்பவருக்கு உரிய கட்டணத்தை அழைக்கப்படுபவர் கட்டுவார். 1800 என்று தொடங்கும் எண்ணுக்கு நேரடியாக ஒரு கம்பியோ கருவியோ கிடையாது. நாம் அந்த எண்ணை அழுத்தியதும், தொலைபேசி வலையமைப்பு ஒரு கணினித் தரவுத்தளத்திடம் 'இந்த எண்ணின் உண்மையான முகவரி எது?' என்று கேட்கிறது. விடை சென்னையாக இருக்கலாம், நொய்டாவாக இருக்கலாம். அழைப்பு அங்கே திருப்பிவிடப்படுகிறது. பில் அந்த நிறுவனத்தின் கணக்கில் ஏறுகிறது.

இந்தியாவில் முதலில் 1600 என்றிருந்த இந்த வரிசை பின்னர் 1800 ஆனது. அப்போதும்கூட எல்லோருக்கும் அது இலவசமாகவோ, எட்டும் தொலைவிலோ இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் இலவச எண்ணுக்கு அழைப்பு போகாது. 'பி.எஸ்.என்.எல். இணைப்பிலிருந்து மட்டும்' என்று விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் இதற்கெனத் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்து, எந்த வலையமைப்பிலிருந்தும் மற்றதன் இலவச எண்ணை அழைக்க வழிசெய்ய வேண்டியிருந்தது.

இலவச எண்ணால் நிறுவனம் லாபம் ஈட்டுவதில் தவறில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொருளை விற்பதற்காகக் கடைக்காரர் தேநீர் வாங்கித் தருவதைப் போன்றது அது. அழைப்புக்கு ஒரு ரூபாய் செலவழித்து நூறு ரூபாய்க்கு விற்பது வணிகம். என் கேள்வி, யார் விலை கொடுக்கிறார் என்பது அழைப்பவருக்குத் தெரியாமல் மறைக்கப்படும் இடங்களைப் பற்றியது.

எண்ணையே பண்டமாக்குவது பழைய வழி. நினைவில் நிற்கும் 800 எண்களை முன்கூட்டியே வாங்கிப் பதுக்கிவைத்து, தேவைப்படும் நிறுவனத்துக்கு அதிக விலைக்கு விற்கும் தரகு அமெரிக்காவில் தழைத்தது. அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் 1997-இல் பதுக்கலையும் தரகையும் தடைசெய்தது. எண் பொதுச்சொத்து, எவருக்கும் உடைமையன்று என்பது அதன் வாதம். வேடிக்கை என்னவென்றால், 2019-இல் 833 வரிசையின் ஆயிரக்கணக்கான கவர்ச்சியான எண்களை அதே ஆணையமே ஏலத்தில் விட்டது. பொதுச்சொத்தைத் தரகர் விற்றால் குற்றம், அரசு விற்றால் கொள்கை! இந்தியாவிலும் எண்கள் அரசு ஒதுக்கும் பொது வளமாகவே கருதப்படுகின்றன. நம் ஊரில் ஆசைப்பட்டு வாங்கும் 'ஃபேன்ஸி' எண்கள் பெரும்பாலும் செல்பேசிக்கும் வண்டிக்கும்தான் என்பதால் இந்த வழியில் நமக்குப் பெரிய பாதிப்பில்லை.

அழைப்பையே பண்டமாக்குவது இன்னும் நூதனமானது. அமெரிக்காவில் ஓர் இலவச அழைப்பைத் தொடங்கிவைக்கும் சிறு தொலைபேசி நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் பங்கு கிடைத்து வந்தது. விளைவாக, பெரிய நிறுவனங்களின் இலவச எண்களைக் கணினிகள் அழைத்தன. 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' போன்ற பதிவுக்குரல்களைக் கேட்டபடி, மனிதரே இல்லாத அழைப்புகள் நிமிடக்கணக்கில் நீண்டன. வாடிக்கையாளருக்காக வைத்த எண்ணில் எந்திரமும் எந்திரமும் பேசிக்கொண்டிருக்க, பில் மட்டும் ஏறியது. 2020 அக்டோபரில்தான் அந்தக் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைக்கும் ஆணை வந்தது. இந்தியாவில் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குப் போகும் சாதாரண அழைப்புக்கான இணைப்புக் கட்டணம் 2017 அக்டோபரில் நிமிடத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகவும், 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகவும் ஆனது. எறும்பு மொய்க்கச் சர்க்கரை இல்லாமல் போனது நல்லதுதான்.

ஆனால், நம்மிடம் வேறொரு சர்க்கரை இருக்கிறது. அதன் பெயர் 1860.

பார்ப்பதற்கு 1800-இன் தம்பி போல இருக்கும் இந்த வரிசை இலவசமானதன்று. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரே எண்ணை அழைக்கலாம் என்பது மட்டுமே இதன் வசதி. உள்ளூர் அழைப்புக் கட்டணத்தை அழைப்பவரே செலுத்த வேண்டும். மாதச் சந்தாவில் 'வரம்பில்லா அழைப்பு' இருந்தாலும், சில இணைப்புகளில் 1860-க்குத் தனியாகக் காசு பிடிக்கப்படும். அதற்கென டாப்-அப் இருப்பு இல்லையென்றால் அழைப்பே போகாது. நகரத்தில் உள்ளவருக்கு இது பெரிய தொகையன்று. யாருக்கு இது தொகையாகிறது என்பதைச் சென்ற ஆண்டு பார்த்தேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். விடியற்காலையில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போய், பொழுது சாயும் வேளையில் திரும்புபவர். இந்தப் பள்ளத்தாக்கின் கூடலூர், கம்பம், தேவாரம், போடி என எல்லா ஊர்களிலிருந்தும் அப்படி ஆயிரக்கணக்கானோர் மலையேறுகிறார்கள். ஒரு சனிக்கிழமை மாலை அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அட்டை அவர் கையில்தான் இருந்தது. ரகசிய எண் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த எண்ணை அழைத்திருக்கிறார். போதிய இருப்பு இல்லை என்று குரல் சொல்லியிருக்கிறது. "தம்பி, ஏங்காசு போச்சுன்னு சொல்றதுக்கும் காசு கேக்குது" என்று என் வீட்டுக்கு வந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 1860.

அந்த வங்கியின் பெயரை எழுதப்போவதில்லை. ஏனென்றால் அந்த வங்கிக்கு 1800 எண்ணும் இருந்தது. இணையதளத்தில், நான்கு பக்கங்களைத் தாண்டி, அட்டவணை ஒன்றின் அடியில் இருந்தது. மலையிலிருந்து இறங்கிவந்த ஒருவர் அதைக் கண்டுபிடித்திருக்க வழியில்லை.

இதில் என்ன பெரிய இழப்பு என்று கேட்பவர்களுக்கு, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்ட வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த ஓட்டையால் பணம் போனால், தகவல் கிடைத்த மூன்று வேலைநாள்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாள்கள் ஆனால், கணக்கின் வகையைப் பொறுத்து 5,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை அவர் தலையில் விழலாம். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் கொள்கைப்படி. வாடிக்கையாளரே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தால்கூட, புகார் செய்த கணம்வரை போன பணம்தான் அவர் பொறுப்பு. அதன்பின் போவது வங்கியின் பொறுப்பு. ஆக, அந்த அழைப்பு எந்த நிமிடத்தில் போய்ச் சேருகிறது என்பதே இழப்பு யாருடையது என்பதைத் தீர்மானிக்கிறது. அழைப்புக்கு இடையில் வைக்கப்படும் ஒவ்வொரு தடையும், இழப்பை வங்கியின் பக்கத்திலிருந்து அந்த அக்காவின் பக்கத்துக்கு நகர்த்துகிறது. எவரும் திட்டமிட்டு இதைச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டமிடாமலே லாபம் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

அதே சுற்றறிக்கை, புகாருக்காகத் தனியான கட்டணமில்லா எண் உள்ளிட்ட பல வழிகளை 24 மணி நேரமும் வங்கிகள் திறந்துவைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விதி இருக்கிறது. அந்த எண்ணைத்தான் அட்டையின் பின்புறத்தில் அச்சிட வேண்டும் என்ற ஒரு வரிதான் தேவை.

தொலைபேசி நிறுவனங்களின் விஷயத்தில் டிராய் இதைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. புகார் வேறு, விசாரணை வேறு என்று அது பிரித்தது. புகாருக்கு 198, அதற்குக் கட்டணம் கூடாது. தகவலுக்கு 121, அங்கே முகவரிடம் பேச மூன்று நிமிடத்துக்கு 50 பைசா என்று சில நிறுவனங்கள் வாங்கிய காலம் உண்டு. பிரிட்டன் இன்னும் ஓரடி எடுத்துவைத்தது. அங்கே 0870 போன்ற வரிசைகளில் அழைப்பவர் செலுத்தும் கட்டணத்தில் நிறுவனத்துக்கே பங்கு வரும். 'காத்திருங்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று குரல் சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமானம் அல்லவா? பொருளை விற்றபின் அதைப் பற்றிப் பேச அழைக்கும் வாடிக்கையாளரிடம் அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2014 ஜூனில் அங்கே விதி வந்தது. 0800 எண்கள் செல்பேசியிலிருந்தும் இலவசமானது அதற்கு அடுத்த ஆண்டு ஜூலையில்தான்.

உண்மையான இலவச எண்ணை ஒளித்துவைப்பதால் இன்னொரு தீங்கு விளைகிறது. கண்ணில் படாத எண்ணை மக்கள் கூகுளில் தேடுகிறார்கள். அங்கே மோசடிக்காரர்கள் 'வாடிக்கையாளர் சேவை' என்ற பெயரில் தங்கள் செல்பேசி எண்ணை முன்கூட்டியே விதைத்துவைத்திருக்கிறார்கள். எரிவாயு, கூரியர், வங்கி என எந்தப் பெயரிலும் அவை கிடைக்கும். முதல் மணியிலேயே எடுப்பார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், காத்திருக்கச் சொல்லவே மாட்டார்கள். உண்மையான மையத்தைவிடப் போலி மையத்தின் சேவை சிறப்பாக இருப்பது இந்தக் காலத்தின் கொடுமை. பணம் போனபின் அழைக்க அரசு 1930 என்ற எண்ணை வைத்திருக்கிறது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டிய எண்.

இனி, காசே வாங்காமல் விலை வாங்கும் முறை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ பந்தலுக்கு அடியில் நடந்து பாருங்கள். தொடர் மழைக்குப் பின் இலையின் அடிப்பகுதியில் வெள்ளைப் பூச்சாக அடிச்சாம்பல் நோய் தெரிந்தால், விவசாயி முதலில் எடுப்பது வரப்பில் கிடக்கும் மருந்துப் பாட்டிலை. அதில் 'விவசாயிகளுக்கு இலவச ஆலோசனை' என்று ஓர் எண் இருக்கும். 'மிஸ்டு கால் கொடுத்தால் போதும், நாங்களே அழைப்போம்' என்பது இன்னொரு வகை. அழைப்பவருக்கு ஒரு பைசா செலவில்லை. அவர் பெயர், ஊர், பயிர், பரப்பு, நோய் எல்லாம் பதிவாகிவிடும். மறுவாரத்திலிருந்து உரம், சொட்டுநீர், டிராக்டர் கடன் என்று அழைப்புகள் வரத் தொடங்கும்.

மிஸ்டு கால் என்பது காசில்லாதவர்கள் கண்டுபிடித்த இந்தியத் தந்தி. 'வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்' என்பதற்கு ஒன்று, 'திரும்பக் கூப்பிடு' என்பதற்கு இரண்டு. அதை விளம்பரத் தொழிலாக மாற்றிய பெங்களூரு நிறுவனம் ஸிப்டயல். அதை 2015 ஜனவரியில் டிவிட்டர் விலைக்கு வாங்கியது. மிஸ்டு காலுக்குள் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதற்கு அந்த விற்பனை ஒன்றே போதும்.

இலவசம் என்ற சொல்லின் பொருள் என்ன என்பது நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. 2007-இல் 'கௌன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியோடு நேயர்களுக்கு ஒரு குறுஞ்செய்திப் போட்டி நடந்தது. ஒரு குறுஞ்செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. போட்டியில் சேர வேறு கட்டணமில்லை. பரிசுத் தொகை குறுஞ்செய்திக் கட்டணத்திலிருந்தே வருகிறது, அதை மறைத்தார்கள் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் ஸ்டார் இந்தியாவும் ஏர்டெல்லும் ஒரு கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2019-இல் போதிய ஆதாரமில்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால், அழைப்பவர் தம் விலையைத் தாமே நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது.

இதற்கு மாற்றும் இதே நாட்டில்தான் இருக்கிறது. மத்திய அரசின் உழவர் அழைப்பு மையம் 2004 ஜனவரி 21 அன்று தொடங்கியது. 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். அழைப்புக்கான விலையை அரசு கொடுக்கிறது. அங்கே பேசுபவருக்கு விற்பதற்குப் பாட்டில் எதுவும் இல்லை. எந்த மாவட்டத்தில் எந்தப் பயிருக்கு என்ன கேள்வி வந்தது, என்ன பதில் சொல்லப்பட்டது என்ற பதிவுகள் அரசின் திறந்த தரவுத் தளத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. தனியார் எண்ணில் ஒரு நிறுவனத்தின் சரக்காகிவிடும் அதே கேள்வி, இங்கே ஊருக்கே பயன்படும் அறிவாகிறது. பதில்கள் சில நேரம் புத்தகத்தைப் படிப்பது போலிருக்கும் என்று எங்கள் பகுதி விவசாயிகள் குறைசொல்வதுண்டு. அந்தக் குறையையும் மீறி, மருந்துப் பாட்டிலின் எண்ணுக்கு முன் இந்த எண்ணை அழைத்துப் பாருங்கள் என்றே நான் சொல்வேன்.

சட்டத்தின் கைக்குள் இதற்கான கருவிகள் ஓரளவு வந்துவிட்டன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் தரப்பட்டதோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. திராட்சை நோயைப் பற்றிக் கேட்டவர் டிராக்டர் கடனுக்கு ஒப்புதல் தரவில்லை. வேண்டாத வணிக அழைப்பு பற்றிப் புகார் செய்ய முன்பு மூன்று நாள்கள்தான் அவகாசம். டிராய் 2025 பிப்ரவரியில் அதை ஏழு நாள்களாக்கியது. 1909 என்ற எண்ணில் அந்தப் புகாரைச் செய்யலாம். விளம்பர அழைப்புக்கு 140, வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புக்கு 1600 என்று வரிசைகளும் பிரிக்கப்பட்டுள்ளன. நான் ஒருகாலத்தில் கூண்டுக்குள் நின்று அழைத்த அதே 1600, இப்போது அவர்கள் நம்மை அழைக்கும் எண்ணாகத் திரும்பி வந்திருக்கிறது!

இவற்றோடு இரண்டைச் சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. சட்டப்படி ஒருவர் புகார் செய்ய வேண்டிய இடத்தில், வங்கி, காப்பீடு, மின்வணிகம் எதுவானாலும், கண்ணில் படும் முதல் எண் கட்டணமில்லா எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு வந்த அழைப்பைக் கொண்டு எதையும் விற்கக் கூடாது. இதனால் நிறுவனங்களுக்குச் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவை இப்போதும் ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் ஜீப்பில் வருகிறவர்.

அந்த அக்காவின் புகாரை அன்றிரவே 1800 எண்ணில் பதிவுசெய்தோம். இருபது நிமிடம் காத்திருந்தோம். இரண்டு வாரத்துக்குள் பணம் கணக்குக்குத் திரும்பிவிட்டது. அந்த இலவச எண்ணை அவர் அட்டையின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக்கொடுத்தேன். அட்டை வழவழப்பானது என்பதால் மை நிற்கவில்லை. ஒரு மாதத்தில் அழிந்துவிட்டதாம். அச்சிட்ட 1860 மட்டும் அப்படியே இருக்கிறது.